ஹீலியோஸ் 44-2: பூஞ்சை எடுத்ததும் அதன் பிறகு படம் எடுத்ததும்

மிரர்லெஸ் கேமரா வாங்கி, கூடவே வந்த கிட் லென்ஸில் கொஞ்ச நாள் சுட்டுத் தள்ளியவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் எனக்கும் வந்தது: அடுத்து என்ன லென்ஸ்? என்னிடம் இருப்பது சோனி ஏ6000. 2014-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான முழு ஃப்ரேமைவிடச் சிறியது). கூட வந்தது 16-50 மி.மீ. பவர் ஜூம் லென்ஸ். பகல் வெளிச்சத்தில் அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. இருட்டிய பிறகு ஒரு முகத்தை எடுக்கப் போனால்தான் வண்டவாளம் தெரியும். 50 மி.மீ. முனையில் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). சென்சாரின் ஒளி உணர்வான ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறிவிடும், முகமெல்லாம் நாய்ஸ், புள்ளி புள்ளியாக.

எஃப் 2 லென்ஸ் இருந்தால் மூன்று ஸ்டாப் கூடுதல். அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். 6400 இருந்த இடத்தில் 800 போதும். கணக்கு சுலபம்தான், காசுதான் இடித்தது. சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 வாங்கலாமா, சோனியின் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கலாமா, அல்லது சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 போதுமா என்று விமர்சனங்களைப் படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம். அப்போதுதான் பெரியப்பாவின் ஜெனிட்-ஈ என்ற பழைய ஃபிலிம் கேமராவும் அதில் இருந்த ஹீலியோஸ் லென்ஸும் ஞாபகம் வந்தன.

சோவியத் பொருட்கள் சென்னையில் சகஜமாகக் கிடைத்த காலத்தில் அவர் வாங்கியது. ஷட்டர் எப்போதோ செத்துவிட்டது. "எடுத்துட்டுப் போடா, பீரோல சும்மாதானே கிடக்கு" என்று தோல் உறையோடு கொடுத்துவிட்டார். உறையைத் திறந்ததுமே பழைய தோலின் புழுங்கல் வாசனை. அந்த வாசனை வந்தாலே உள்ளே பூஞ்சை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அழகாக இருக்கிறதே என்று லென்ஸைத் தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைப்பது, அதுவும் நம் கடற்கரை ஊர்களில், பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

ஜெனிட்டின் முன்னால் இருந்தது ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. இது ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா செய்த பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2-இன் வழிவந்தது. போருக்குப் பிறகு சோவியத் தொழிற்சாலைகள் அந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கில் செய்து தள்ளின. நான்கு குழுவாக ஆறு கண்ணாடிகள், எட்டு அபர்ச்சர் இதழ்கள், முன்னால் 49 மி.மீ. ஃபில்டர் மரை. மாஸ்கோ பக்கத்தில் இருக்கும் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்ததா, வல்தாயா, மின்ஸ்கா என்பதை முன்வளையத்தில் இருக்கும் சின்னத்தை வைத்துச் சொல்லலாம். பிரிசத்துக்குள் ஒளிக்கதிர் நுழைவது போன்ற படம் இருந்தால் கிராஸ்னகோர்ஸ்க். சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த ஆண்டைச் சொல்லும். என்னுடையது 79 என்று தொடங்குகிறது.

பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்கள் மிரர்லெஸ்ஸில் சுலபமாகப் பொருந்துவதற்குக் காரணம், எஸ்எல்ஆரின் நடுவில் சாய்ந்து நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி (மிரர்) இதில் இல்லாததால் மிச்சமாகும் இடம். ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு மரை லென்ஸ், கேமராவில் பொருந்தும் இடமான மவுண்டிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி ஃபிலிம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. சோனி ஈ மவுண்டில் அந்த தூரம் 18 மி.மீ.தான். மிச்சம் 27.46 மி.மீ.க்கு ஒரு வெற்றுக் குழாய் வைத்தால் வேலை முடிந்தது. ஃபூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இஸட் 16, கேனான் ஆர்எஃப் 20. எல்லாவற்றிலும் இதே கதைதான், குழாயின் நீளம் மட்டும் மாறும். பழைய நிக்கான் எஃப் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அங்கே தூரம் 46.5 மி.மீ. எம்42-க்குத் தேவையானதைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். நடுவில் ஒரு லென்ஸ் கண்ணாடி போட்ட அடாப்டர் இல்லாமல் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும்.

எம்42 - சோனி ஈ அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அலுமினியக் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. உள்சுவர் கறுப்பாக இருந்தாலும் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டுச் சென்சாருக்குத் திரும்பும் என்பதால், கரும்பலகைக்கு அடிக்கிற பெயின்ட்டை மெல்லியதாக உள்ளே பூசி இரண்டு நாள் காயவிட்டேன். மரையிலும் மவுண்ட் முகத்திலும் பெயின்ட் படக்கூடாது, மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளவும்.

பிரிப்பதற்கு முன்

லென்ஸைத் திறக்குமுன் நோயைப் பார்த்துவிட வேண்டும். இருட்டு அறையில் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபோனின் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்த்தால் எல்லாம் வெளியே வரும்.

இங்கே பார்க்கத் தெரிய வேண்டும். தூசு என்றால் தனித்தனிப் புள்ளி. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், படத்தில் வராது. பூஞ்சை என்றால் ஒரு புள்ளியிலிருந்து கிளை விட்டுப் போகும் மெல்லிய இழைகள். பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரும். சீராகப் புகை மூட்டம் போட்டது போல் இருந்தால் அது பூஞ்சை ஆகாது. உள்ளே இருக்கும் கிரீஸின் எண்ணெய் ஆவியாகிப் படிந்த மூட்டம் அது, துடைத்தால் போய்விடும். இந்த மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. மருந்தில்லாதது நான்காவது: ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமோ திட்டோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள். ஒட்டிய ஜோடிக்குள்ளேயே பூஞ்சை புகுந்திருந்தாலும் இதே கதிதான். வீட்டில் செய்கிற வேலை கிடையாது. பழைய லென்ஸை விலை கொடுத்து வாங்குபவர்கள் இந்த நான்காவதை மட்டும் கண்டிப்பாகத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்னுடையதில் முன் கண்ணாடியின் உள்முகத்தில் ஒரு பெரிய கிளை, பின் கண்ணாடியின் உள்முகத்தில் சின்னதாக இரண்டு, கூடவே லேசான எண்ணெய் மூட்டம். ஹீலியோஸின் அமைப்பில் முதல் கண்ணாடியும் கடைசிக் கண்ணாடியும் தனிக் கண்ணாடிகள். நடுவில் அபர்ச்சருக்கு இரு பக்கமும் இருப்பவைதான் ஒட்டிய ஜோடிகள். நோய் வந்த இரண்டும் தனிக் கண்ணாடிகளாக இருந்தது நல்ல காலம்.

பிரிக்கும் முன் அந்த நிலையிலேயே கேமராவில் மாட்டிச் சில படங்கள் எடுத்து வைத்துக்கொண்டேன். சுவரில் ஒட்டிய செய்தித்தாள் பக்கம் ஒன்று, கறுப்புத் துணிக்கு முன்னால் ஓரத்தில் எரிகிற பல்போடு ஒன்று. முக்காலி, இரண்டு நொடி டைமர், ஐஎஸ்ஓ 100. சுத்தம் செய்த பிறகு இதே செட்டிங்கில் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் உழைப்புக்குப் பலன் உண்டா என்று தெரியும். இல்லாவிட்டால் பளிச்சென்று இருக்கிறது என்று நம் மனமே நமக்குச் சொல்லிக்கொள்ளும்.

கழற்றியது

முன்னால் பெயர் எழுதிய வளையம் வெறும் உராய்வில் திருகிக் கழல்கிறது. அதில் பிளவோ துளையோ இல்லை, ரப்பரால் அழுத்தித்தான் திருப்ப வேண்டும். இதற்கென்று விற்கிற ரப்பர் செட் இருக்கிறது. நான் 40 மி.மீ. பிவிசி பைப்பில் ஒரு துண்டு அறுத்து, வாயை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை வளையமாக வெட்டி ஒட்டிக்கொண்டேன். பைப்பின் வாய் வளையத்தின் மேல் மட்டும் உட்காருகிறது, கண்ணாடியில் படவில்லை. அழுத்திப் பிடித்து இடப்பக்கம் திருப்பினால், முதலில் முரண்டு பிடித்துவிட்டு அப்புறம் சட்டென்று விட்டுக்கொடுத்தது.

அதன் கீழே கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள். பின்பக்கமும் அப்படியே. லென்ஸ் ஸ்பேனர் என்று ஒரு கருவி இதற்கு உண்டு. என்னிடம் இல்லை. திருவல்லிக்கேணியில் எங்களுக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர் பாயிடம் போனேன். வாட்சின் பின்மூடியைத் திறக்க அவர் வைத்திருக்கும் கேஸ் ஓப்பனரில் முனைகளை அகலமாக்கவும் குறுக்கவும் முடியும். தட்டை முனை, ஊசி முனை என்று மாற்றிக்கொள்ளவும் முடியும். வேலை ஒன்றுதான்.

"பாய், இத ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"எடுத்துட்டுப் போங்க தம்பி. ஆனா முனை வழுக்குச்சுன்னா நேரா கண்ணாடி மேலதான் கோடு போடும். முதல்ல அழுத்தணும், அப்புறம்தான் திருப்பணும். அவசரப்பட்டு ரெண்டையும் ஒண்ணா செஞ்சா போச்சு."

அவர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். விசிட்டிங் கார்டை வட்டமாக வெட்டிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுத்தான் ஓப்பனரை வைத்தேன். பின் வளையம் சுலபமாக வந்தது. முன் வளையம் இறுகிப் போயிருந்தது. நாற்பது வருட அழுக்கு, அதோடு ஆலையில் மரை கழலாமல் இருக்க வைத்த அரக்கு மாதிரி ஏதோ ஒன்று. ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு துளி அசிட்டோனை மரை ஓரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டதும் இளகியது. அசிட்டோனை இதற்கு மேல் எதற்கும் பயன்படுத்த வேண்டாம். கண்ணாடியின் விளிம்பில் உள்ளே வெளிச்சம் சிதறாமல் இருக்கக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அசிட்டோன் பட்டால் அது கரைந்து கண்ணாடி மேலே ஓடிவிடும்.

கண்ணாடியை வெளியே எடுக்க விரலையோ இடுக்கியையோ விட வேண்டாம். லென்ஸுக்கு மேல் பஞ்சு இல்லாத துணியை மூடி, அப்படியே கவிழ்த்து, பக்கத்தில் மெல்லத் தட்டினால் துணியில் விழும். எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்பதை உடனே விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் படம் எடுப்பதும் நல்லது. கண்ணாடி தலைகீழாகப் போனால் லென்ஸ் கூட்டிய பிறகு படம் சரியாக வராது. காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பூஞ்சையும் அதன் தழும்பும்

முதலில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு துளி, டிஸ்டில்டு வாட்டர், சுத்தமான விரல். பேட்டரிக் கடையில் கேன் கேனாகக் கிடைக்கும் அதே தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்புத் திட்டு காய்ந்து நிற்கும், அதைத் துடைக்க இன்னொரு வேலை. கழுவியதும் மேலே இருந்த பூஞ்சை பாதி போய்விட்டது. அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அதே அளவு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்துக் கண்ணாடி மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தேன். இது மிச்சமிருக்கும் இழைகளைத் தீர்க்கும். கையுறை போட்டுக்கொள்ளவும், பெராக்சைடு விரலை வெளுக்க வைத்துவிடும். சிலர் இதோடு அமோனியாவும் கலப்பார்கள். அந்த நெடி வீட்டுக்குள் ஆகாது. எனக்குத் தேவையும் படவில்லை.

கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு கழுவ வாங்குவார்களே, அதுதான். மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைத்தால் கோடு விழாமல் காயும். பஞ்சை நேராக உபயோகித்தால் இழை இழையாக விட்டுப் போகும். பெராக்சைடுக்கு மட்டும் பஞ்சு, துடைக்கத் துணி.

அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளத்தது. 44-2 ப்ரீசெட் வகை, அபர்ச்சரை நாமே கையால் முன்கூட்டிக் குறித்து வைப்பது. கேமரா இதழ்களைச் சட்டென்று மூடித் திறக்கிற ஏற்பாடு இதில் இல்லை. அதனால் எண்ணெய் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணெய்தான் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் மூட்டமாகப் படிகிறது. இதழ்களை முழுக்க மூடி, சிகரெட் லைட்டர் ஃப்ளூயிடை இயர்பட்டில் லேசாகத் தொட்டுத் துடைத்து, திறந்து, மூடி, மறுபடி துடைத்தேன். பட் கறுப்பாக வருவது நிற்கும் வரை. இதழ்களைத் தனித்தனியாகக் கழற்றும் அளவுக்குப் போகவில்லை. எட்டையும் திரும்பக் கோத்து உட்கார வைப்பது இன்னொரு பிறவிக்கான வேலை.

இப்போது டார்ச். பின் கண்ணாடி புதுசு மாதிரி சுத்தம். முன் கண்ணாடியில் பூஞ்சை போய்விட்டது, அதன் கிளையின் உருவம் மட்டும் மங்கலாக நின்றது. பூஞ்சை வளரும்போது அமிலத்தைச் சுரக்கும். அது கோட்டிங்கையும் (பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல் போட்ட பூச்சு), விட்டு வைத்தால் கண்ணாடியையும் அரித்துவிடும். ஹீலியோஸில் இருப்பது மெல்லிய ஒற்றைக் கோட்டிங். டார்ச்சைச் சாய்த்தால் கோட்டிங்கின் ஊதா நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னுகிறது, அந்தக் கிளை ஓடிய பாதையில் மட்டும் நிறமில்லாமல் வெறும் கண்ணாடி தெரிகிறது. இதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க மிச்சக் கோட்டிங்கும் போகும். டூத்பேஸ்ட், சீரியம் ஆக்சைடு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அந்தத் தழும்பு படத்தில் என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். கூட்டி முடித்ததும் பழைய செட்டிங்கிலேயே திரும்ப எடுத்தேன். செய்தித்தாள் படத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் சொல்லவே முடியவில்லை. எஃப் 2-இல் நடுவில் எழுத்து படிக்கும்படி கூர்மை, ஓரத்தில் தொளதொள. எஃப் 4-க்குப் போனால் ஓரமும் சேர்ந்துவிடுகிறது. பூஞ்சையோடு இருந்தபோதும் அப்படியேதான் இருந்தது. கறுப்புத் துணி படத்தில்தான் விஷயம் தெரிந்தது. முன்பு எடுத்ததில் துணி சாம்பல் நிறத்தில் இருந்தது. படத்தின் இருட்டு-வெளிச்சக் கணக்கைக் காட்டும் ஹிஸ்டோகிராம், கறுப்பு இருக்கும் இடது சுவரைத் தொடாமல் நடுவாந்திரத்திலேயே நின்றது. சுத்தம் செய்த பிறகு துணி கறுப்பானது, ஹிஸ்டோகிராம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. பல்பை ஃப்ரேமுக்குள்ளேயே கொண்டுவந்தால் மட்டும் இன்னும் லேசான பால் மூட்டம் வருகிறது. இதில் தழும்பின் பங்கு கொஞ்சம், பழைய ஒற்றைக் கோட்டிங்கின் பங்கு நிறைய என்று நினைக்கிறேன்.

ஆக, பூஞ்சை கெடுப்பது கூர்மையைக் காட்டிலும் கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. முன் கண்ணாடியில் தழும்பு இருந்தால் சமாளிக்கலாம். பின் கண்ணாடி சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே இருக்கும் சேதம் அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். பழைய லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் முன்பக்கத்தையே உற்று உற்றுப் பார்க்கிறார்கள். திருப்பிப் பாருங்கள்.

கேமராவில்

அடாப்டரில் மின் இணைப்பு இல்லாததால் லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை அனுமதிக்காவிட்டால் ஷட்டர் அமுங்காது. எல்லா பிராண்டிலும் இதே அர்த்தத்தில் ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அபர்ச்சர் இடத்தில் வெறும் கோடு காட்டும், பயப்பட வேண்டாம். நான் எம் (மேனுவல்) மோடில் ஷட்டர் 1/200 நொடி வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுகிறேன். ஏபிஎஸ்-சியில் 58 மி.மீ. என்பது முழு ஃப்ரேமில் 87 மி.மீ. பார்க்கிற அளவு, ஏ6000-இல் கேமரா உடம்புக்குள் கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. 1/125-க்குக் கீழே போனால் கை ஆட்டம் தெரிய ஆரம்பிக்கிறது. உடம்புக்குள் ஸ்டெபிலைசர் இருக்கும் கேமரா என்றால் மெனுவில் லென்ஸின் மி.மீ.யை நாமே போட்டுக்கொடுக்க வேண்டும். 87 போடக் கூடாது, 58-க்குப் பக்கத்தில் இருப்பதைப் போட வேண்டும்.

ஃபோகஸ் ஆன இடத்தை நிறமடித்துக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கைச் சிவப்பில் வைத்திருக்கிறேன். எஃப் 2-இல் அதை முழுக்க நம்ப முடியாது. மூக்கு, கண், காது எல்லாவற்றையும் சேர்த்துச் சிவப்பாக்கிவிடும். ஒரு பட்டனில் மேக்னிஃபையரைப் போட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்வதுதான் வழி. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 2-இல் கூர்மையாக வரும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். மூச்சு விட்டாலே தாண்டிவிடும்.

44-2-இன் இரண்டு வளையங்களும் இங்கேதான் உதவுகின்றன. ஒன்றில் எஃப் 4 என்று டிக் டிக்கென்று குறித்து வைத்துவிடலாம். இன்னொன்று டிக் இல்லாமல் வழுக்கும், முழுக்கத் திறந்த நிலைக்கும் குறித்த எஃப் 4-க்கும் இடையில் மட்டும் ஓடும். திறந்து வைத்து ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமலேயே முட்டும் வரை மூடிவிட்டுச் சுட வேண்டியதுதான். அந்தக் காலத்து ஏற்பாடு, மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்தது போல் இருக்கிறது.

இந்த லென்ஸைத் தேடுபவர்களில் பாதிப்பேர் அதன் சுழலும் பின்னணிக்காகத் தேடுகிறார்கள். படத்தின் ஓரத்தில் ஒளி சாய்வாக வரும்போது லென்ஸின் குழாயே அதில் ஒரு பகுதியை மறைக்கிறது. அதனால் ஃபோகஸில் இல்லாத வட்டங்கள் ஓரத்தில் எலுமிச்சை வடிவாகச் சப்பையாகின்றன. இந்த எலுமிச்சைகள் நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும்போது சுழல்வது போலத் தெரிகிறது. ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தை வெட்டிவிடுவதால் என் கேமராவில் பாதிச் சுழல்தான். முழு ஃப்ரேமில் முழுசாக வரும். வேப்ப மரத்தின் இலை இடுக்குகளில் வானம் தெரிகிற மாதிரி பின்னணி வேண்டும், ஆளுக்கும் மரத்துக்கும் நடுவே சில மீட்டர் இடைவெளி வேண்டும். வெற்றுச் சுவருக்கு முன்னால் எடுத்துவிட்டுச் சுழலே காணோம் என்று சொல்லிப் பயனில்லை.

நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போட்டிருந்தார்கள். மேனுவல் ஃபோகஸ் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. எத்தனை நேரம் ஆனாலும் பொம்மை நகராது. பின்னால் பல்புச் சரம். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றதும் "பொம்மைய எடுப்பா, என்ன எடுக்காத" என்று கடைக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சரி என்று பொம்மைகளை மட்டும் எடுத்தேன். எஃப் 2-இல் மீனாட்சியின் கண்ணும் மூக்குத்தியும் கூர்மை, கையிலிருக்கும் கிளி பாதி கரைந்துவிட்டது. பின்னால் பல்புகள் எலுமிச்சை எலுமிச்சையாக. ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டவே இல்லை. நிறம் கொஞ்சம் மஞ்சள் தட்டி வந்தது. களிமண்ணுக்கு அது நன்றாகவே இருந்தது, ஒயிட் பேலன்ஸைத் தொடவில்லை.

நண்பர்களுக்கு அனுப்பும்போது ஒரு விஷயம். வாட்ஸப்பில் சாதாரணமாகப் போட்டால் படத்தை நசுக்கி அனுப்பும், எஃப் 2-இன் மெல்லிய மாற்றங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். நான் நீள்பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கி, எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஜேபெக் எடுத்து, டாக்குமெண்டாக அனுப்புகிறேன். கேமரா படத்தோடு எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலில் லென்ஸ் பெயரும் அபர்ச்சரும் இருக்காது. என்ன வைத்து எடுத்தோம் என்பதைச் சுடச்சுட ஃபோனில் குறித்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் "எந்த ஃபோன், போர்ட்ரெய்ட் மோடா?" என்று கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எந்த லென்ஸ் வாங்குவது

ஆரம்பத்துக் கேள்விக்கு இந்த லென்ஸ் பதில் சொல்லிவிட்டது, நான் எதிர்பார்த்த பதிலாக இல்லாவிட்டாலும். 58 மி.மீ.யை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தபோது சுவர் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. ஏபிஎஸ்-சி சென்சாரின் நீளம் 23.5 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 58 மி.மீ. லென்ஸில் 1.2 மீட்டர் அகலம்தான் அடங்கும். எங்கள் ஹாலே பத்தடி. சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் வெளியே. அதே இடத்தில் 30 மி.மீ. போட்டால் 2.35 மீட்டர் கிடைக்கும், மூவரும் உள்ளே வருவார்கள்.

தெருவிலும் கோயிலிலும் முகம் எடுக்க ஹீலியோஸே போதும். இன்னொரு 56 வாங்கினால் ஆட்டோஃபோகஸும் எதிர் வெளிச்சத்தைத் தாங்குவதும் கிடைக்கும். அதற்காக அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோஃபோகஸ் எனக்கு உண்மையில் தேவைப்படுவது வீட்டுக்குள் ஓடுகிற அக்கா பையனுக்கு, அவனை மேக்னிஃபையரில் பிடிக்க யாராலும் முடியாது. அதனால் பணம் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4-க்குப் போகிறது. செகண்ட் ஹாண்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் தூரத்திலிருந்து எடுப்பவர், அல்லது பெரிய ஹால் இருப்பவர் என்றால் 56-ஏ சரியாக இருக்கலாம். கிட் ஜூமை ஒரு வாரம் 30-இலேயே வைத்து, அடுத்த வாரம் 50-இலேயே வைத்துச் சுட்டுப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும்.

வைக்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். பூஞ்சைக்கு ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். சென்னையில் அது வருடம் முழுக்க உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர், துணிப் பையில் சிலிக்கா ஜெல். 40-50 சதவீதத்தில் நிற்கிறது. ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் காயவைத்தால் திரும்ப வேலை செய்யும். நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகும் வகையில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். ஆரஞ்சு வகை வாங்குவது நல்லது. தோல் உறை திரும்பப் பெரியப்பா பீரோவுக்கே போய்விட்டது.

மிச்சம் ஒரு வேலை இருக்கிறது. ஃபோகஸ் வளையம் காலையில் இறுக்கமாகவும் மத்தியானம் வெயிலில் இளகியும் சுழல்கிறது, உள்ளே பழைய கிரீஸ் கட்டியாகிவிட்டது. ஃபோகஸுக்காக லென்ஸை முன்பின் நகர்த்தும் மரையான ஹெலிகாய்டைப் பிரித்துக் கழுவி லித்தியம் கிரீஸ் போட வேண்டும். அதில் மரைக்குப் பல தொடக்கங்கள் இருக்கும், பிரியும் கணத்தில் இரண்டு பாகங்களும் எந்த இடத்தில் நிற்கின்றன என்று ஊசியால் கீறிக் குறித்தால்தான் திரும்பக் கோக்கும்போது தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகும். ஒரு தொடக்கம் மாறினாலும் கலங்கரை விளக்கம் மங்கலாகவே நிற்கும். பாயிடம் ஓப்பனரைத் திரும்பக் கேட்க வேண்டும்.